தண்டவாளத்தின் அகலமும் தோளின் சுமையும்

பாடம் 8 – உரைநடை

கற்றல் நோக்கங்கள்

• நீராவி எஞ்சின் இயங்கும் முறையை அறிதல்.
• இருப்புப்பாதைகள் வெவ்வேறு அகலங்களில் அமைந்ததன் காரணத்தையும் விளைவையும் உணர்தல்.
• தொழில்சார்ந்த கலைச்சொற்களைப் பொருளறிந்து பயன்படுத்துதல்.

நுழையும்முன்

தொடர்வண்டியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதன் விரைவையும் எஞ்சினின் ஆற்றலையும் எடுத்துரைப்பர். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள வெளியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அந்த வெளியின் அளவு, வாணிகத்தின் போக்கையும் எண்ணற்ற தொழிலாளரின் அன்றாட உழைப்பையும் தீர்மானித்தது. பெங்களூருவையும் அதனைச் சூழ்ந்த நிலையங்களையும் சான்றாகக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

ஒரு நகரம், மூன்று அகலங்கள்

பெங்களூருவின் விவேக் நகரிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குப் படைமுகாம் அமைந்தபோது, அதனை ஒட்டித் தமிழர் பலர் குடியேறினர். பின்னர் வந்தவர்களுக்கு இருப்புப்பாதை வழியாயிற்று. 1864ஆம் ஆண்டு ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கண்டோன்மென்ட் வரை தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. சென்னையும் பெங்களூருவும் அதனால் இணைந்தன. அப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே இருந்த அகலம் 1,676 மில்லிமீட்டர். இதுவே அகலப்பாதை எனப்படுகிறது.

1882ஆம் ஆண்டளவில் பெங்களூருவிலிருந்து மைசூருக்குச் செல்லும் பாதை நிறைவெய்தியது. அதன் அகலம் 1,000 மில்லிமீட்டர் மட்டுமே. எனவே அது மீட்டர்பாதை எனப் பெயர்பெற்றது. 1910களில் மூன்றாவது பாதை ஒன்று உருவாயிற்று. யஷ்வந்த்பூரில் தொடங்கி எலஹங்கா, தேவனஹள்ளி, சிக்பள்ளாபூர், சிந்தாமணி, கோலார் வழியாக அது பங்காரப்பேட்டையைச் சென்றடைந்தது. அதன் அகலம் 762 மில்லிமீட்டர். இது குறும்பாதை ஆகும்.

ஆக, ஒரே நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மூன்று வெவ்வேறு அகலமுடைய பாதைகள் பங்கிட்டுக்கொண்டன. ஒரு பாதைக்கு உரிய வண்டி மற்றொரு பாதையில் ஓட இயலாது.

அகலங்கள் வேறுபட்டது ஏன்?

இந்தியாவில் முதலில் அமைந்த பெரும்பாதைகள் அகலப்பாதைகளே. அகலம் மிகுந்தால் வண்டி பெரிதாகும், சுமையும் மிகும். ஆனால் செலவும் மிகும். கனமான தண்டவாளம், அகன்ற பாலம், பெரிய குகைவழி, மெல்ல வளையும் நீண்ட வளைவு ஆகிய அனைத்துக்கும் பொருள் வேண்டும். 1870ஆம் ஆண்டையொட்டி, தலைமை ஆளுநராக இருந்த மேயோ பிரபுவின் அரசு, செலவைக் குறைக்கும் பொருட்டு மீட்டர்பாதையைத் தேர்ந்தெடுத்தது. போக்குவரத்துக் குறைந்த பகுதிகளுக்கு அதனினும் எளிய குறும்பாதையே போதும் எனப் பின்னர் கருதப்பட்டது.

இம்முடிவில் நியாயம் இல்லாமல் இல்லை. சிந்தாமணி, ஸ்ரீநிவாசபூர் போன்ற சிற்றூர்களுக்கு அகலப்பாதை அமைக்க அக்காலத்தில் எவரும் முன்வந்திருப்பது அரிது. குறும்பாதை கூர்மையான வளைவுகளிலும் செல்லும். மேட்டைக் குடைந்து செல்லாமல் சுற்றிக்கொண்டு செல்லும். குறைந்த செலவில் அமைந்த பாதை, பாதையே இல்லாத ஊருக்குப் பெரும் நன்மை செய்தது. உழவர் விளைபொருளைச் சந்தைக்கு அனுப்பவும், மாணவர் வெளியூர்ப் பள்ளிக்குச் செல்லவும் அது வழிவகுத்தது.

எனினும் பாதை போடும்போது மிச்சப்பட்ட செலவு முற்றிலும் மறைந்துவிடவில்லை. அது வேறோர் இடத்தில், வேறு சிலரின் தோள்மீது ஏறியது.

நீராவி எஞ்சின் இயங்கும் முறை

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மூன்று பாதைகளிலும் வண்டிகளை இழுத்தவை பெரும்பாலும் நீராவி எஞ்சின்களே. எஞ்சினின் பின்பகுதியில் உலை உள்ளது. அதில் நிலக்கரி எரிகிறது. வெப்பக்காற்று கொதிகலனின் ஊடே செல்லும் குழாய்களில் பாய்ந்து, அவற்றைச் சூழ்ந்துள்ள நீரைக் கொதிக்கச் செய்கிறது. உயர் அழுத்தம் பெற்ற நீராவி உருளைக்குள் புகுந்து உந்துதண்டை முன்னும் பின்னும் தள்ளுகிறது. உந்துதண்டோடு இணைந்த இரும்புத் தண்டுகள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன.

வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே சீறி வெளியேறுகிறது. அவ்வாறு வெளியேறும்போது உலையின் வழியே புதிய காற்றை இழுக்கிறது. எனவே ஏற்றத்தில் எஞ்சின் கடுமையாக உழைக்குந்தோறும் உலை மேலும் கனன்று எரியும். தன் மூச்சாலேயே தன் தீயை வளர்க்கும் இவ்வமைப்பு, நீராவி எஞ்சினின் சிறந்த நுட்பங்களுள் ஒன்று.

எஞ்சினை இயக்குபவர் டிரைவர். கரியை வாரி உலைக்குள் இடுபவர் ஃபயர்மேன். கரியை உலை முழுவதும் சீராகப் பரப்புவது பழகிக் கற்க வேண்டிய கலை. ஓரிடத்தில் குவிந்தால் தீ மங்கும். ஓரிடத்தில் வெறுமை விழுந்தால் குளிர்காற்று புகும். நிலையங்களில் உயர்ந்த குழாய்கள் வழியே எஞ்சினுக்கு நீர் நிரப்பப்பட்டது. வேலை முடிந்தபின் எஞ்சின் பணிமனைக்குச் சென்றது. அங்கே தொழிலாளர் சாம்பலை அகற்றினர், கொதிகலனைக் கழுவினர், இணைப்புகளுக்கு எண்ணெய் இட்டனர். குளிர்ந்த எஞ்சினில் மீண்டும் தீ மூட்டி, ஓடுதற்குரிய அழுத்தம் பெறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

பெயரிலேயே அகலம்

1951ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மெட்ராஸ் மற்றும் தென் மராத்தா ரயில்வே, தென்னிந்திய ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே ஆகிய மூன்றும் இணைந்து தென்னக ரயில்வே உருவாயிற்று. நிருவாகம் ஒன்றாயிற்று, பாதைகளின் அகலம் ஒன்றாகவில்லை.

அக்கால எஞ்சின்களின் பெயர்களே இதனைக் காட்டும். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த பயணிகள் வண்டி எஞ்சின் 'டபிள்யூ.பி.' எனப்பட்டது. 1950ஆம் ஆண்டு முதல் மேற்கு வங்காளத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் உருவான சரக்கு வண்டி எஞ்சின் 'டபிள்யூ.ஜி.' எனப்பட்டது. மீட்டர்பாதைக்கு 'ஒய்.பி.', 'ஒய்.ஜி.' என்னும் வகைகள் இருந்தன. குறும்பாதை எஞ்சின்களின் பெயர் 'இசட்' எனத் தொடங்கியது. முதலெழுத்து பாதையின் அகலத்தையும், அடுத்த எழுத்து வண்டியின் பணியையும் உணர்த்தின.

'டபிள்யூ' எனத் தொடங்கும் எஞ்சின் சென்னையிலிருந்து பெங்களூரு வரை வரலாம். அதற்கு அப்பால் மைசூர் செல்ல இயலாது. ஆகவே ஒவ்வோர் அகலத்துக்கும் தனித்தனி எஞ்சின்கள், தனித்தனிப் பெட்டிகள், தனித்தனி உதிரிப்பாகங்கள் தேவைப்பட்டன. ஒரு பாதையில் பெட்டிகள் வேலையின்றி நிற்க, மறுபாதையில் பெட்டிகள் கிடைக்காமல் சரக்குத் தேங்கும் நிலையும் எழக்கூடும்.

அகலம் மாறும் நிலையங்கள்

பெங்களூரு நகர நிலையத்தில் அகலப்பாதையும் மீட்டர்பாதையும் சந்தித்தன. யஷ்வந்த்பூரில் மீட்டர்பாதையும் குறும்பாதையும் சந்தித்தன. பங்காரப்பேட்டையில் அகலப்பாதையும் குறும்பாதையும் சந்தித்தன. பயணிகளுக்கு இது சிறு தொல்லையே. பெட்டி படுக்கையுடன் இறங்கி, அடுத்த நடைமேடைக்குச் சென்று, வேறு வண்டியில் ஏறினால் போதும்.

சரக்குக்குக் கால்கள் இல்லை. ஒரு வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கி, மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டும். நெல், சர்க்கரை, சிமெண்ட், உரம், விறகு என எதுவாயினும் இவ்வாறே கைமாற்ற வேண்டும். இரு பாதைகளும் ஒரே மேடையின் இருபுறமும் வந்து நிற்க, சுமைதூக்குவோர் இடையில் நடந்து நடந்து பாரத்தை மாற்றினர். பெரிய வண்டியின் சரக்கு முழுவதும் ஒரே சிறிய வண்டியில் அடங்குவதில்லை. மூட்டை கிழிந்து சிந்துவதும், எண்ணிக்கை குறைவதும், மழையில் நனைவதும் சரக்கு உரிமையாளருக்கு இழப்பைத் தந்தன. முதுகுவலியும் மூட்டுத்தேய்வும் தொழிலாளருக்கு வாய்த்தன.

கணக்கிட்டு அறிக

ஒரு பெட்டியில் 20 டன் நெல் உள்ளது எனக் கொள்க. ஒவ்வொரு மூட்டையும் 100 கிலோகிராம் எடையுடையது. அப்பெட்டியைக் காலி செய்ய ஒருவர் 200 முறை சுமக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 15 அடி சுமையுடன் நடந்தால், மொத்தம் 3,000 அடி தூரம் சுமையுடன் நடந்தாக வேண்டும். இது ஒரு பெட்டிக்கு மட்டுமே. ஒரு சரக்கு வண்டியில் பல பெட்டிகள் இருக்கும்.

இத்தொல்லை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 1840களில் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் இரண்டு அகலங்கள் சந்தித்தன. அங்கும் சரக்குகள் கையால் மாற்றப்பட்டன. குழப்பமும் காலத்தாழ்வும் பெருகின. அதனை ஆராய்ந்த பின்னர் அந்நாட்டு நாடாளுமன்றம் 1846ஆம் ஆண்டு பாதை அகலம் குறித்துச் சட்டம் இயற்றியது. ஆயினும் அங்கு அகன்ற பாதை முற்றிலும் நீங்க 1892ஆம் ஆண்டு வரை ஆயிற்று. ஒருமுறை நிலத்தில் பதித்த அளவை மாற்றுவது அத்துணை அரிது.

காட்டுக்குள் ஒரு டிராம் பாதை

டிராம் என்றவுடன் நகரத் தெருவில் ஓடிய வண்டியே நினைவுக்கு வரும். தொழில்துறையில் அச்சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. காடு, சுரங்கம், தோட்டம், ஆலை ஆகியவற்றின் பயன்பாட்டுக்கென அமைக்கப்பட்ட எளிய இருப்புப்பாதையும் டிராம் பாதை எனப்பட்டது.

தென்னாட்டில் இவ்வகையில் புகழ்பெற்றது, கொச்சி அரசின் காட்டு டிராம் பாதையாகும். ஆனைமலையை ஒட்டிய பரம்பிக்குளம் காடுகளிலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு அது அமைந்தது. 1907 முதல் 1963 வரை இயங்கியது. தேக்கு உள்ளிட்ட மரங்களை மலையிலிருந்து கீழே கொண்டுவருவதே அதன் நோக்கம். சமமான பகுதிகளில் ஜெர்மனியிலிருந்து வந்த சிறு நீராவி எஞ்சின்கள் வண்டிகளை இழுத்தன.

செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் பயன்படாது. அங்கே பொறியாளர் புவியீர்ப்பையே துணையாகக் கொண்டனர். உச்சியில் பொருத்தப்பட்ட உருளையைச் சுற்றி இரும்புவடம் செல்லும். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டியும், மறுமுனையில் வெற்று வண்டியும் கட்டப்பட்டன. பாரவண்டி கீழே இறங்கும்போது தன் எடையால் வெற்று வண்டியை மேலே இழுத்தது. தடையைக் கையாள்பவரின் கவனமே அவ்விரு வண்டிகளுக்கும் காப்பாக இருந்தது.

இப்பாதையின் அகலமும் ஒரு மீட்டர்தான். தொடக்கத்தில் அது பொருத்தமாகவே இருந்தது. ஏனெனில் சாலக்குடி வழியே சென்ற சொரனூர் – எர்ணாகுளம் பாதையும் 1902இல் மீட்டர்பாதையாகவே திறக்கப்பட்டிருந்தது. 1930களில் அப்பெரும்பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. டிராம் பாதையோ பழைய அளவிலேயே நின்றது. சிறிய பாதை மாறாமல் இருந்தும், பெரிய பாதை மாறியதால் இரண்டும் வேறுபட்டன. பின்னர் மலைக்குச் சாலைகள் வந்தன, லாரிகள் வந்தன. காட்டில் ஏற்றிய மரத்தை இடையில் இறக்காமல் ஆலைவரை கொண்டுசெல்ல லாரியால் இயன்றது. டிராம் பாதையால் அது இயலவில்லை.

தங்கவயலின் தண்டவாளங்கள்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை செல்லும் கிளைப்பாதை 1890களில் அமைந்தது. கோலார் தங்கவயலுக்கு உரிய பாதை இதுவே. இது குறும்பாதையாக அன்றி, அகலப்பாதையாகவே அமைக்கப்பட்டது. சுரங்கத்துக்கு வேண்டிய கனமான பொறிகளும் நிலக்கரியும் சென்னைத் துறைமுகத்திலிருந்து இடையில் மாற்றப்படாமல் வந்துசேர இது வழிசெய்தது. தங்கம் விளைந்த இடத்துக்கு 16 கிலோமீட்டர் அகலப்பாதை கிடைத்தது. நெல்லும் கேழ்வரகும் விளைந்த கோலார்ச் சிற்றூர்களுக்குக் குறும்பாதை கிடைத்தது. எந்தச் சரக்கின் மதிப்பு மிகுதியெனக் கருதப்பட்டதோ அதற்கேற்பவே பாதையின் அகலம் அமைந்தது.

தங்கவயலில் வேலை செய்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழர். சுரங்கத்தினுள்ளும் தண்டவாளங்கள் இருந்தன. தாது நிறைந்த தள்ளுவண்டிகளைத் தொழிலாளர் அவற்றின்மீது நகர்த்தினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபின் பொறிகள் பல மின்விசையால் இயங்கின. ஆயினும் ஆழத்தில் பாறையை உடைப்பதும் வாரி ஏற்றுவதும் மனிதரின் கைகளையே நம்பியிருந்தன.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கத்துக்காகப் போடப்பட்ட பாதை மட்டும் எஞ்சியது. இன்று தங்கவயல் மக்கள் பலர் நாள்தோறும் விடியலில் வண்டியேறி, பெங்களூருவில் வேலை செய்து, இரவில் வீடு திரும்புகின்றனர். அப்பாதை அகலப்பாதையாக இருந்ததால் அவர்கள் இடையில் இறங்கி மாறாமல் நகரை அடைய முடிகிறது.

ஒரே அகலம் நோக்கி

1992ஆம் ஆண்டு இந்திய ரயில்வே, நாட்டின் பெரும்பாலான பாதைகளை அகலப்பாதையாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூரு – மைசூரு மீட்டர்பாதை அவ்வாறு மாறியது. கோலார் – சிக்பள்ளாபூர்ப் பாதையும் மாற்றப்பட்டு 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நீராவி எஞ்சின்களும் 1990களில் அன்றாடப் பணியிலிருந்து விடைபெற்றன. மைசூருவில் 1979ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்கள் சிலவற்றைக் காணலாம்.

அகலம் மாறும் நிலையம் எப்படி இருந்திருக்கும் என்பதை இன்றும் காண விரும்புவோர் மேட்டுப்பாளையம் செல்லலாம். சென்னையிலிருந்து வரும் நீலகிரி விரைவுவண்டி அகலப்பாதையில் அங்கு வந்து நிற்கிறது. உதகைக்குச் செல்வோர் இறங்கி, மீட்டர்பாதையில் நிற்கும் மலைவண்டியில் ஏறுகின்றனர். 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட அம்மலைப்பாதை, பழைய அகலத்திலேயே காக்கப்பட்டு வருகிறது. அங்கு மாறுவது பயணிகள் மட்டுமே என்பதால் அம்மாற்றம் இன்பம் தருகிறது.

அருங்காட்சியகங்களில் எஞ்சின்கள் நிற்கின்றன. அவற்றின் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டு பாதைகளுக்கு இடையே மூட்டை சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. 1,676 மில்லிமீட்டருக்கும் 762 மில்லிமீட்டருக்கும் இடையிலான வேறுபாட்டை ஒவ்வொரு நாளும் ஈடுசெய்தது அவர்களுடைய உழைப்பே. ஒரு திட்டத்தின் செலவைக் கணக்கிடும்போது, அச்செலவைச் சுமப்பவர் யார் என்பதையும் கணக்கிட வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

சொல்லும் பொருளும்

இருப்புப்பாதை – இரும்பாலான தண்டவாளப் பாதை
கொதிகலன் – நீரைக் கொதிக்கவைத்து நீராவி உண்டாக்கும் கலன்
உந்துதண்டு – நீராவியின் அழுத்தத்தால் உருளைக்குள் இயங்கும் தண்டு
பணிமனை – எஞ்சின்களைப் பேணிப் பழுதுபார்க்கும் இடம்
வடம் – தடித்த கயிறு
தாது – உலோகம் கலந்துள்ள கனிமப்பொருள்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. மீட்டர்பாதையின் அகலம் ________ மில்லிமீட்டர்.
2. தென்னக ரயில்வே உருவான ஆண்டு ________.
3. பங்காரப்பேட்டையில் அகலப்பாதையும் ________ பாதையும் சந்தித்தன.
4. பரம்பிக்குளம் டிராம் பாதை ________ என்னும் ஊரில் முடிவுற்றது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஏற்றத்தில் செல்லும்போது நீராவி எஞ்சினின் உலை மிகுதியாகக் கனல்வது ஏன்?
2. 'ஒய்.ஜி.' என்னும் பெயர் உணர்த்தும் இரு செய்திகள் யாவை?
3. செங்குத்தான சரிவில் வெற்று வண்டி மேலேறியது எவ்வாறு?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. குறும்பாதை அமைத்ததால் விளைந்த நன்மையையும் தீமையையும் ஒப்பிடுக.
2. தங்கவயலுக்கு அகலப்பாதையும் கோலார்ச் சிற்றூர்களுக்குக் குறும்பாதையும் அமைந்தன. இதனைக் குறித்து உமது கருத்தை எழுதுக.

ஈ. மொழிப்பயிற்சி

1. பிரித்து எழுதுக: நீராவி, நிலக்கரி, அவ்விரு.
2. கொதிகலன், உந்துதண்டு, தள்ளுவண்டி ஆகிய சொற்கள் வினைத்தொகைகள். ஒவ்வொன்றையும் முக்காலத்துக்கும் விரித்து எழுதுக.
3. 'சுமை' என்னும் சொல்லைப் பெயராகவும், 'சும' என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் ஒன்றை வினைமுற்றாகவும் அமைத்துத் தொடர்கள் எழுதுக.

உ. செயல்பாடு

வீட்டிலோ அண்டையிலோ வாழும் முதியவர் ஒருவரிடம் நீராவி எஞ்சின் இழுத்த வண்டியில் சென்ற பயணத்தைப் பற்றிக் கேட்டு அறிக. எங்கு ஏறினார், எங்கு வண்டி மாறினார், என்ன சுமை கொண்டுசென்றார் என்பவற்றை அவர் கூறியவாறே ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.